ஒரு குரோஸ் தீப்பெட்டியின் விலை

சென்னையில் வாழ்கிறவர்களுக்கு அன்னி பெசன்ட் என்றால் ஒரு கடற்கரை. பேருந்தின் முகப்பில் எழுதியிருக்கும் ஓர் ஊர்ப்பெயர். சற்று வாசித்தவர்களுக்கு அவர் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர், 1916இல் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியவர், 1917இல் காங்கிரசுக்குத் தலைமையேற்ற முதல் பெண். அவர் இந்தியாவுக்கு வந்தது 1893இல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1888ஆம் ஆண்டின் கோடையில், கிழக்கு லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து வரும் பெண்களிடம் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்களுக்கு இந்த வரலாற்றின் சொற்கள் பழகியவை. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குரோசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது. குரோஸ் என்பது 144 பெட்டி. அந்தக் கணக்கும் அந்தச் சொல்லும் லண்டனிலும் இருந்தன. அங்கே வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்ணுக்கு ஒரு குரோசுக்குக் கிடைத்தது இரண்டேகால் பென்னி. பசைக்கு மாவும், கட்டுவதற்குக் கயிறும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு இருபதுக்கும் மேல் ஈவுத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது.

நிறுவனங்களுக்கு அறம் உண்டா என்ற கேள்வியை இன்று வணிகக் கல்லூரிகளில் ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அது நல்ல மேலாளர்கள் எடுக்கும் நல்ல முடிவுகளைப் பற்றிய பாடமாக இருக்கிறது. பிரையன்ட் அண்ட் மே என்ற அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியின் கதை நமக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. அங்கே நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை. வழியும் தெரிந்திருந்தது. ஆனாலும் பெண்களின் தாடை எலும்புகள் அழுகின.

இரண்டு பாஸ்பரஸ்

வில்லியம் பிரையன்டும் பிரான்சிஸ் மேயும் 1843இல் கூட்டுச் சேர்ந்து வியாபாரம் தொடங்கியவர்கள். இருவரும் குவேக்கர்கள். பொய் சொல்லாதவர்கள், எடையில் ஏமாற்றாதவர்கள் என்று இங்கிலாந்தில் பெயர் வாங்கிய கிறிஸ்தவப் பிரிவு அது. முதலில் அவர்கள் சுவீடனிலிருந்து தீப்பெட்டியை இறக்குமதி செய்தார்கள். 1861இல் லண்டனின் கிழக்கே, பௌ என்ற பகுதியில், சொந்தமாகத் தொழிற்சாலை அமைத்தார்கள். 1884இல் அது பங்குகள் விற்கும் பொது நிறுவனமாயிற்று.

தீக்குச்சியின் தலையில் அக்காலத்தில் இருவகைப் பாஸ்பரஸ் பயன்பட்டது. வெள்ளைப் பாஸ்பரஸ் தடவிய குச்சியை எங்கே உரசினாலும் தீப்பிடிக்கும். சுவரில், செருப்பின் அடியில், மேசையில். விலையும் குறைவு. ஆனால் அதன் ஆவி நஞ்சு. சிவப்புப் பாஸ்பரசுக்கு அந்த நஞ்சு கிடையாது. அதைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் தடவுவார்கள். பெட்டியில் உரசினால்தான் தீப்பிடிக்கும். இன்று நம் வீட்டு அடுப்படியில் இருப்பது இந்த வகைதான்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுவீடன்காரர்களின் இந்தப் பாதுகாப்பான தீப்பெட்டியை இங்கிலாந்தில் தயாரிக்கும் உரிமையை பிரையன்ட் அண்ட் மே 1855லேயே வாங்கிவிட்டது. அதாவது, பௌ தொழிற்சாலை எழும்புவதற்கு ஆறாண்டு முன்பே, நஞ்சில்லாத தீப்பெட்டி செய்யும் வழி அந்தக் கம்பெனியின் பெட்டகத்தில் இருந்தது. அதைச் செய்யவும் செய்தார்கள். கூடவே வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியையும் நாற்பதாண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டே இருந்தார்கள். மக்கள் மலிவானதைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார் என்பது எல்லாக் காலத்திலும் உற்பத்தியாளர்கள் சொல்லும் நியாயம்.

வெள்ளைப் பாஸ்பரஸ் என்ன செய்யும் என்பது 1840களிலேயே ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் தெரியும். சொத்தைப் பல்லின் வழியாக ஆவி உள்ளே போகும். முதலில் பல்வலி, பிறகு முகவீக்கம், பிறகு ஈறிலிருந்து சீழ். தாடை எலும்பு உயிரிழந்து துண்டு துண்டாக வெளியே வரும். அந்த எலும்பு இருட்டில் மின்னும் என்று சொன்னார்கள். தாடையையே அறுத்து எடுத்தால்தான் பிழைக்கலாம். அப்படியும் பலர் பிழைக்கவில்லை. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளைப் பாஸ்பரசைத் தடை செய்துவிட்டன. உலகிலேயே செல்வம் மிகுந்த நாடான இங்கிலாந்து செய்யவில்லை.

பௌ தொழிற்சாலைப் பெண்களுக்கு நோயின் பெயர் நன்றாகத் தெரியும். தெரிந்தும் பல்வலியை மறைத்தார்கள். வலிக்கிறது என்று சொன்னால் பல்லைப் பிடுங்கிக்கொள் அல்லது வீட்டுக்குப் போ என்பதுதான் பதில். தனி உணவு அறை கிடையாது. குச்சி அடுக்கும் பலகையிலேயே ரொட்டியை வைத்து, பாஸ்பரஸ் படிந்த கையாலேயே பிட்டுச் சாப்பிட்டார்கள்.

பிடித்தங்கள்

1888 ஜூன் மாதம் லண்டனில் ஃபேபியன் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. பெண்களின் உழைப்பைப் பற்றி கிளமென்டினா பிளாக் பேசினார். அங்கேதான் பிரையன்ட் அண்ட் மேயின் ஈவுத்தொகையும் கூலியும் ஒருசேரப் பேசப்பட்டன. அந்தக் கம்பெனியின் தீப்பெட்டியை வாங்குவதில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். பெசன்ட் நேரில் போய் விசாரித்து, ஜூன் 23 அன்று ‘தி லிங்க்’ என்ற தம் வாரத்தாளில் எழுதினார். கட்டுரையின் தலைப்பு ‘லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’.

அந்தக் கட்டுரையின் வலிமை அதிலுள்ள கணக்கில் இருக்கிறது. கோடையில் காலை ஆறரைக்கு வேலை தொடங்கும், மாலை ஆறுக்கு முடியும். நாள் முழுக்க நின்றபடி. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வாரக் கூலி 4 ஷில்லிங். அவளும் அவள் அக்காவும் தங்கியிருக்கும் ஒற்றை அறைக்கு வாடகை 2 ஷில்லிங். இந்தக் கூலியிலும் அபராதம் பிடிப்பார்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி. வேலைப் பலகையில் எரிந்த குச்சி கிடந்தால் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. தாமதமாக வந்தால் அரைநாள் வெளியே. தலையில் பெட்டிகளைச் சுமந்து சுமந்து பதினைந்து வயதிலேயே வழுக்கை விழுந்த சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். பங்குதாரர் பட்டியலில் பாதிரியார்கள் பலர் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். வீட்டில் மகளின் தலையைக் கோதிவிடும் தந்தையர்தாமே அவர்களும்?

இன்னொரு பிடித்தமும் அதில் உண்டு. பிரதமர் கிளாட்ஸ்டனின் மேல் பக்தி கொண்ட தியோடர் பிரையன்ட், 1882இல் அவருக்குச் சிலை ஒன்றை நன்கொடையாக வைத்தார். அந்த நன்கொடைக்காகப் பெண்களின் கூலியிலிருந்து ஆளுக்கு ஒரு ஷில்லிங் பிடிக்கப்பட்டது என்றும், திறப்புவிழா நாளில் கட்டாய விடுப்புக் கொடுத்து அரைநாள் கூலியும் வெட்டப்பட்டது என்றும் பெண்கள் பெசன்டிடம் சொன்னார்கள். விழாவுக்கு வந்த பெண்களில் சிலர் தங்கள் கையைக் கீறி அந்தச் சிலையின்மேல் இரத்தம் வழியவிட்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சிலை இன்றும் பௌ சாலையில் நிற்கிறது. அதன் கைகளில் யாரோ சிவப்புச் சாயம் பூசிவைத்திருக்கிறார்கள்.

பெண்களின் கூலியில் பிடித்து, முதலாளியின் பெயரில் கொடுப்பதற்குக் கொடை என்று பெயர். இந்த ஒரு ஷில்லிங்கை நாம் மறக்காமல் வைத்துக்கொள்வோம். கடைசியில் அது தேவைப்படும்.

யார் தொடங்கினார்கள்?

கட்டுரை வந்ததும் நிர்வாகம் பெண்களிடம் ஒரு தாளை நீட்டியது. எங்களுக்குக் குறையொன்றும் இல்லை, வெளியானது பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. பெண்கள் மறுத்தார்கள். ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். ஜூலை 5 அன்று வேலை நின்றது. சுமார் 1,400 பெண்கள் வெளியே வந்தார்கள். மறுநாள் இருநூறு பேர் ஃப்ளீட் தெருவிலிருந்த பெசன்டின் அலுவலகத்துக்கு நடந்தே போனார்கள்.

பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் இதைச் சுருக்கமாகச் சொல்லின: அன்னி பெசன்ட் தீப்பெட்டிச் சிறுமிகளை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். ஆனால் பெசன்ட் தம் கட்டுரையில் கேட்டது புறக்கணிப்பைத்தான். வாங்குகிறவர்களின் மனச்சாட்சியை நோக்கித்தான் அவர் எழுதினார். வேலையை நிறுத்துவது என்ற முடிவு தொழிற்சாலைக்கு உள்ளே, பெண்களால் எடுக்கப்பட்டது. 2009இல் வெளிவந்த தம் நூலில் வரலாற்றாய்வாளர் லூயிஸ் ரா இதை விரிவாக எடுத்துக்காட்டினார். அவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள். அப்பா, அண்ணன், கணவன் எனப் பலரும் துறைமுகக் கூலிகள். தெருவும் உறவும் கடனும் ஒன்றாய்ப் பின்னியவர்கள். சீட்டுப் பிடிப்பதுபோல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இறகு வைத்த தொப்பி வாங்கி, முறைவைத்து அணிந்துகொண்டவர்கள். இவர்களைச் ‘சிறுமிகள்’ என்று அழைத்ததே ஓர் அரசியல் என்கிறார் ரா. சிறுமி என்றால் இரக்கப்படலாம். பெண் என்றால் அவளோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

வேலைநிறுத்தக் குழுவில் இருந்த சாரா சாப்மன், மேரி கம்மிங்ஸ், மேரி டிரிஸ்கல், ஈலைசா மார்ட்டின், கேட் ஸ்லேட்டர் முதலானோரின் பெயர்கள் ஆவணத்தில் இருந்தும், வெகுகாலம் யாரும் உச்சரிக்கவில்லை.

இதனால் பெசன்ட் செய்தது சிறிதாகிவிடாது. நிதி திரட்டினார், கூலிக் கணக்கை நாளிதழ்களில் பரப்பினார், பெண்களைப் பாராளுமன்றத்துக்கு அழைத்துப்போய் உறுப்பினர்கள் முன் பேசவைத்தார். நிறுவனம் அவதூறு வழக்குப் போடுவதாக மிரட்டியது, போடவில்லை. வெளியார் தூண்டிவிட்ட கலகம் என்றது ‘தி டைம்ஸ்’ நாளிதழ். பெண்கள் தாமாகக் கோபப்படுவார்கள் என்பதை அதனால் நம்ப முடியவில்லை. பெசன்டுக்குத் தலைமை கொடுத்த வரலாறும், வெளியார் தூண்டுதல் என்று சொன்ன ‘டைம்ஸ்’ பத்திரிகையும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் உழைக்கும் பெண்ணுக்குச் சொந்த புத்தி கிடையாது.

லண்டன் தொழிற்சங்கப் பேரவையின் முயற்சியில் ஜூலை 16, 17 தேதிகளில் உடன்பாடு ஏற்பட்டது. அபராதங்கள் ஒழிந்தன. சாயத்துக்கும் தூரிகைக்கும் என்று பிடித்தது நின்றது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். சாப்பிடத் தனி அறை கிடைத்தது. குறை இருந்தால் மேஸ்திரியைத் தாண்டி நேரடியாக நிர்வாக இயக்குநரிடம் சொல்லலாம் என்றாயிற்று. அந்த மாதமே சங்கம் உருவாயிற்று. அக்டோபருக்குள் 666 உறுப்பினர். மறு ஆண்டு, 1889இல், லண்டன் துறைமுகத் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தீப்பெட்டிப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர்கள் மேடையில் பேசினார்கள்.

தாடை

வெற்றியோடு கதையை முடித்துவிட ஆசைதான். ஆனால் உடன்பாட்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் நிற்கவில்லை. தனி உணவு அறை வந்ததால் ரொட்டியோடு நஞ்சு போவது குறைந்திருக்கும். காற்றில் வருவது அப்படியே இருந்தது.

1891இல் சால்வேஷன் ஆர்மி பக்கத்திலேயே தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும். பெட்டி ஒட்டும் பெண்ணுக்குக் குரோசுக்கு 4 பென்னி. நஞ்சில்லாமலும் நியாயமான கூலி கொடுத்தும் தீப்பெட்டி செய்ய முடியும் என்று அது நிரூபித்தது. அந்தப் பெட்டியின் விலை சற்று அதிகம். பத்தாண்டுக்குள் அது மூடப்பட்டு, பிரையன்ட் அண்ட் மேயின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அறத்தை மட்டும் சரக்காக்கிச் சந்தையில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தத் தொழிற்சாலை ஒரு பாடம். விஷம் மலிவாகக் கிடைக்கும்வரை, நல்லது விலையுயர்ந்த ஒரு விருப்பமாகத்தான் இருக்கும். ஏழை வீட்டில் அடுப்பு மூட்டும் பெண் எந்தப் பெட்டியை வாங்குவாள்?

1898இல் உண்மை வெளியே வந்தது. தாடை நோய் வந்த 17 பேரைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் நிறுவனம் மறைத்திருந்தது. அவர்களில் ஆறு பேர் இறந்துபோயிருந்தார்கள். நீதிமன்றம் விதித்தது 25 பவுண்டு 9 ஷில்லிங். ஆறு பிணத்துக்கும் பதினோரு நோயாளிக்கும் சேர்த்து. கால் அழுக்குக்கு 3 பென்னி அபராதம் கொடுத்த பெண்களின் கூலியோடு இதை ஒப்பிட்டால், அபராதம் என்ற சொல் யாருக்கு வலிக்கும்படி செய்யப்பட்டது என்பது விளங்கும்.

அதே 1898இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர், எங்கே உரசினாலும் பற்றும், ஆனால் நஞ்சில்லாத குச்சிக்கு வழி கண்டார்கள். அதற்குப் பிறகுதான், 1901இல், வெள்ளைப் பாஸ்பரசை நிறுத்திவிட்டதாக பிரையன்ட் அண்ட் மே அறிவித்தது. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடித் தடை உடன்படிக்கை செய்தன. 1908இல் இங்கிலாந்து சட்டம் இயற்றியது. பாதுகாப்பான தீப்பெட்டியின் உரிமையை நிறுவனம் வாங்கிய ஆண்டிலிருந்து எண்ணினால் 53 ஆண்டுகள். விவரம் தெரியாததால் போன ஆண்டுகள் அல்ல அவை. தெரிந்தவர்கள் தெரிந்த கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள். ஒரு பெண் நோயுற்றால் இன்னொரு பெண் வாசலில் காத்திருப்பாள் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

நம் பக்கம்

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் 1913இல் வந்தது. அதற்கு ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1922இல், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழில், மழையில்லாத அந்தக் கரிசல் பூமியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை வைத்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த நம் பெண்களுக்குக் கண் எரிச்சல் உண்டு, முதுகுவலி உண்டு, தீவிபத்தின் பயம் உண்டு. பாஸ்பரஸ் தாடை மட்டும் வரவில்லை. யாரோ முதலாளி இரக்கப்பட்டதால் அல்ல; பௌ பகுதியிலும் பிற நாடுகளிலும் முகம் அழுகிச் செத்த பெண்களின் கணக்கு, தொழில் இங்கே வருவதற்குமுன் சட்டமாகிவிட்டதால்.

அந்தச் சட்டம் தடுத்தது ஒரு நஞ்சைத்தான். குரோஸ் கணக்குக் கூலியையும் வீட்டுக்கே வந்து சேரும் வேலையையும் பெட்டி ஒட்டும் குழந்தைகளின் விரல்களையும் அது தொடவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்தத் தடை விதித்தது. குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. 1996இல் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிப்புக்கு விலை வைத்து அதைப் பாதித்தவரிடமே வசூலிப்பது என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில் இருந்தது. 25 பவுண்டு 9 ஷில்லிங்கிலிருந்து நாம் ஓரளவு தூரம் வந்திருக்கிறோம்.

இப்போது அந்த ஒரு ஷில்லிங்கை எடுப்போம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடங்களில் கழிப்பறை வருகிறது, கிராமத்தில் குடிநீர்த் தொட்டி வருகிறது, நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு. வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சட்டப்பிரிவு, வந்த லாபத்தில் எவ்வளவைக் கொடுத்தாய் என்று கேட்கிறது. அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. தியோடர் பிரையன்ட் இன்றிருந்தால் சிலையை அந்தக் கணக்கில் எழுதியிருப்பார்.

வணிக அறத்தைப் பற்றி மாணவிகள் கட்டுரை எழுதும்போது நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து தொடங்கச் சொல்லித்தருகிறார்கள். பௌ பெண்களிடமிருந்து தொடங்கினால் வேறு கேள்விகள் வரும். இதைவிடப் பாதுகாப்பான வழி நிறுவனத்துக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து தெரியும்? வலிக்கிறது என்று சொன்னவளுக்கு வேலை நிலைத்ததா? மேஸ்திரியைத் தாண்டிப் பேச அவளுக்கு வழி உண்டா? நன்கொடையில் யாருடைய கூலி இருக்கிறது? இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் ஆண்டறிக்கை எழுதும் அறையில் இருப்பதில்லை.

பௌ தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. செங்கல் கட்டடங்கள் இப்போது வசதியான அடுக்ககங்கள். வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலப் பலகை ஒன்று 2022இல் அங்கே பதிக்கப்பட்டது. குழுவில் இருந்த சாரா சாப்மன் 1945இல் இறந்தார். பிறரோடு சேர்த்து ஏழைகளுக்கான குழியில், பெயர்க்கல் இல்லாமல் புதைக்கப்பட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அவருடைய கொள்ளுப்பேத்திகளில் ஒருவர் குடும்ப வரலாற்றைத் தேடிப்போன இடத்தில்தான் அந்தக் குழி கண்டுபிடிக்கப்பட்டது.

கிளாட்ஸ்டனின் சிலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தவர்களுக்கு ஒரு கல் கூட இல்லாமல் போயிற்று. அடுத்தமுறை அடுப்புப் பற்றவைக்கப் பெட்டியைக் கையில் எடுக்கும்போது, உரசும் அந்தப் பக்கவாட்டுச் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். அது அந்தப் பெண்களின் கல்.